18-55க்கு அடுத்து எந்த லென்ஸ்?

கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸில் நாலைந்து மாதம் எடுத்துப் பழகியதும் அடுத்த லென்ஸ் மேல் மனம் போய்விடும். கடையில் கேட்டால் 55-250ஐ எடுத்துக் காட்டுவார்கள். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் நண்பர், "கண்ணை மூடிக்கிட்டு ஃபிஃப்டி வாங்கு" என்பார். ஊர் சுற்றுகிறவர் 18-135 ஒன்றே போதும் என்பார். ஃபிஃப்டி உட்பட இந்த எண்களெல்லாம் ஃபோக்கல் லெங்த், மில்லிமீட்டரில்; எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், படத்தில் பிடிக்கும் அகலம் குறையும். மூன்று பேர் சொல்வதும் அவரவர் எடுக்கும் படத்துக்குச் சரி. உங்கள் படத்துக்கு எது சரி என்று தெரிய, பிராண்டையும் ஷார்ப்னஸையும் கொஞ்ச நேரம் ஒதுக்கிவிட்டு இரண்டே விஷயங்களைப் பாருங்கள் என்பேன். எடுக்கப் போகும் ஆளோ பொருளோ உங்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அங்கே வெளிச்சம் எப்படி? இதில் தூரம்தான் முதலில். வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா ஒளியை உணரும் அளவை, ஏற்றிச் சமாளிக்கலாம்; சுவரைத் தள்ளி வைக்க முடியாது.

பேச வசதியாக ஒரு கேமராவை எடுத்துக்கொள்கிறேன். கேனான் 1500டி, 2018ல் வந்தது, நம் ஊரில் ஏராளமானவர்களுக்கு முதல் கேமரா. சென்சார் 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம். கூடவே வரும் லென்ஸ் 18-55, அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துவாரம், எஃப்/3.5 முதல் 5.6 வரை; எண் குறையக் குறையத் துவாரம் பெரிது. நிக்கான், சோனி வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு கிட்டத்தட்ட இதேதான். அவர்களின் கிராப் சென்சார் (35 மி.மீ. ஃபிலிம் அளவான ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) ஒரு மில்லிமீட்டர் போலப் பெரியது.

கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு, காசு செலவில்லாதது. இதுவரை எடுத்த படங்களில் உங்களுக்கே பிடித்தவற்றைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் விவரத்தையும் திறந்து பாருங்கள். எந்த ஃபோக்கல் லெங்த், என்ன ஐஎஸ்ஓ, என்ன ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் திறந்திருந்த நேரம்) என்று எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். பெரும்பாலான படங்கள் 55ல் நின்று, அதற்குப் பிறகும் நீங்கள் ஓரங்களை வெட்டி கிராப் செய்திருந்தால் உங்களுக்கு எட்டவில்லை என்று அர்த்தம். 18ல் நின்று, இன்னும் ஓரடி பின்னால் போக இடமிருந்திருக்கக் கூடாதா என்று தோன்றினால் தேவை வேறு. ஃபோக்கல் லெங்த் எங்கெங்கோ இருக்கிறது, ஆனால் ஐஎஸ்ஓ மட்டும் எப்போதும் 3200, 6400 என்று நிற்கிறதா? அப்படியென்றால் எட்டாதது உங்கள் பிரச்சினை இல்லை, வெளிச்சம்தான்.

எல்லாரும் சொல்லும் 50

50 எம்எம் எஃப்/1.8 லென்ஸின் புகழுக்குக் காரணம் இருக்கிறது. கேனானின் எஸ்டிஎம் வகை (எஸ்டிஎம் என்பது ஃபோகஸ் மோட்டாரின் பெயர்) 2015ல் வந்தது. எடை சுமார் 160 கிராம், கேனானின் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களில் விலை மிகக் குறைந்தவற்றில் ஒன்று. அது தரும் வெளிச்சத்தைப் பாருங்கள். கிட் லென்ஸை 55ல் வைத்தால் அப்பர்ச்சர் எஃப்/5.6க்கு மேல் திறக்காது. எஃப்/1.8 அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். ராத்திரி நேரம், வீட்டு ஹாலில் ஒரு டியூப்லைட், வளைகாப்புக்கு வந்தவர்கள் வளையல் அடுக்குகிறார்கள். கைகள் அசைந்தபடியே இருக்கும், ஆகவே ஷட்டர் 1/60 நொடிக்கு மேல் திறந்திருக்க முடியாது. கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ 5000, 6400 வரை போகும். 6400 என்பது 1500டியின் வழக்கமான உச்ச வரம்பு. முகத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் ஏறி, பட்டுப்புடவையின் நிறம் சோகை பிடித்ததுபோல் ஆகிவிடும். அதே இடத்தில் 50 எம்எம்மில் ஐஎஸ்ஓ 640 போதும். ஒரே கேமராவில் எடுத்தவையா என்று கேட்கும் அளவுக்குப் படங்கள் மாறும்.

இதுவரை எல்லாரும் சொல்வதுதான். சொல்லாமல் விடுவது அந்த ஹாலின் அளவை. அடுக்குமாடி வீடுகளில் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி இருந்தாலே பெரிது. முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போனாலும் எதிரில் இருப்பவருக்கும் உங்களுக்கும் நடுவே 3 மீட்டர் இருக்கும். அந்தத் தூரத்தில் 50 எம்எம் பிடிக்கும் அகலம் 1.34 மீட்டர். இரண்டு பேர், நெருக்கினால் மூன்று பேர். உட்கார்ந்திருக்கும் பெண்ணும் வளையல் போடும் அத்தையும் வந்துவிடுவார்கள். பின்னால் நிற்கும் குடும்பம் வராது. நிற்கும் ஒருவரைக் கால் முதல் தலை வரை எடுக்க, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் 4 மீட்டர் வேண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் 3 மீட்டர் அகலத்துக்கு நின்றால் நீங்கள் ஏழு மீட்டர் தள்ளிப் போக வேண்டும், அதாவது வாசலைத் தாண்டித் தெருவுக்கு.

காரணம் கிராப் சென்சார். 50 எம்எம் என்பது ஃபுல் ஃபிரேம் கேமராவில் இயல்பான பார்வை தரும் லென்ஸ். கேனானின் சிறிய சென்சாரில் அதை 1.6ஆல் பெருக்க வேண்டும். 80 எம்எம் பார்வை கிடைக்கும். முகம் எடுக்க அது அருமையான அளவு. தலையும் தோளுமாக ஒருவரை எடுக்கச் சுமார் 1.35 மீட்டர் தள்ளி நின்றால் போதும். அந்தத் தூரத்திலிருந்து மூக்கு பெரிதாகத் தெரியாது, எதிரில் இருப்பவரும் கூச்சமில்லாமல் பேசுவார். ஆகவே மொட்டைமாடி, தோட்டம், கல்யாண மண்டபம், பள்ளி மைதானம் என்று பின்னால் நகர இடமிருக்கும் இடங்களில் ஆட்களை எடுக்கிறவர் என்றால் தயங்காமல் 50ஐ வாங்குங்கள். சின்ன வீட்டுக்குள் தவழும் குழந்தையை எடுக்கத்தான் லென்ஸ் தேடுகிறீர்கள் என்றால் முதலில் ஒரு சோதனை. கிட் லென்ஸை 50ல் நிறுத்தி, ஜூம் வளையம் திரும்பாதபடி ஒரு துண்டு டேப் ஒட்டி, ஒரு சனி ஞாயிறு முழுக்க வீட்டுக்குள் அதிலேயே எடுங்கள். மூச்சு முட்டினால் பதில் கிடைத்துவிட்டது.

இன்னொன்று. எஃப்/1.8ல் ஒன்றரை மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். ஒரு மீட்டருக்கு நெருங்கினால் 3 செ.மீ.கூட இல்லை. முகத்தை லேசாகத் திருப்பினால் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். புதிதாக 50 வாங்கியவர்கள் "ஃபோகஸ் சரியில்லை, லென்ஸில் கோளாறு" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒருவர் என்றால் எஃப்/2.2, இரண்டு பேர் என்றால் எஃப்/2.8 முதல் 4 என்று மூடிக்கொண்டால் தெளிவும் கூடும், தவறும் குறையும். எஃப்/2.8ல் இந்த லென்ஸ் தரும் கூர்மை அதன் விலைக்கு மிக அதிகம்.

கோயில் சிற்பங்களை எடுக்கிறவர்களுக்கு 50ஐ நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அங்கே இருட்டாக இருந்தாலும்கூட. கிட் லென்ஸில் ஐஎஸ் இருக்கிறது, அதாவது கை நடுக்கத்தைச் சமன் செய்யும் ஏற்பாடு. 50ல் அது இல்லை. 1500டியின் உடம்பிலும் இல்லை. கையில் பிடித்து 50ல் எடுக்க 1/80 நொடியாவது வேண்டும். கிட் லென்ஸில் மூச்சைப் பிடித்துக்கொண்டு 1/10லும் எடுத்துவிடலாம், எட்டு மடங்கு அதிக நேரம். அப்பர்ச்சரில் 50 சம்பாதித்த பத்து மடங்கில் எட்டு மடங்கை இது ஈடுகட்டிவிடுகிறது. மண்டபத் தூணில் இருக்கும் யாளி அசையப் போவதில்லை. எஃப்/5.6ல் அதன் பல்லும் தெளிவாக இருக்கும், தூணின் ஓரமும் தெளிவாக இருக்கும். ஐஎஸ் உங்கள் கையின் அசைவைத்தான் நிறுத்தும், எதிரில் ஓடும் குழந்தையை நிறுத்தாது. அசையும் ஆட்களுக்கு அகன்ற அப்பர்ச்சர், அசையாத கல்லுக்கு ஐஎஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூ, பூச்சி, நகை, தட்டில் வைத்த பலகாரம் என்று நெருக்கமாக எடுப்பதற்கும் 50 உதவாது. அது நெருங்கும் எல்லை 35 செ.மீ., சென்சாரில் விழும் உருவம் அசலில் 0.21 பங்கு. கிட் லென்ஸ் 25 செ.மீ. வரை நெருங்கும், 0.34 பங்கு கிடைக்கும். கையில் இருப்பதே மேல்.

சின்ன வீட்டுக்கு என்ன?

நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. 35 எம்எம் எஃப்/1.8ஜி டிஎக்ஸ், 2009 முதல் இருக்கிறது, 200 கிராம். 3 மீட்டரில் இரண்டு மீட்டர் அகலம் பிடிக்கும். 50ஐப் போலவே வெளிச்சம் தரும். வீட்டுக்குள் குழந்தை, அடுப்படியில் அம்மா, டீக்கடை பெஞ்சில் பேசிக்கொண்டிருப்பவர்கள் என்று அன்றாடத்தை எடுக்க இதைவிடப் பொருத்தமான மலிவு லென்ஸ் எனக்குத் தெரிந்து இல்லை. நிக்கான்காரர்களும் பெயர் கேட்டுக் கேட்டே 50ஐ வாங்குவது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

கேனானில் இந்த இடம் கொஞ்சம் வெற்றிடம். 24 எம்எம் எஃப்/2.8 எஸ்டிஎம் என்று 125 கிராமில் தோசை மாதிரி தட்டையான ஒரு லென்ஸ் உண்டு. 3 மீட்டரில் 2.8 மீட்டர் அகலம், குடும்பம் மொத்தமும் வந்துவிடும். 16 செ.மீ. வரை நெருங்கும். மாட்டியதும் கேமரா பார்க்கச் சின்னதாகிவிடுவதால் தெருவில் யாரும் முறைக்க மாட்டார்கள். ஆனால் வெளிச்சக் கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள். கிட் லென்ஸே 24ல் எஃப்/4 அளவுக்குத் திறக்கும், எஃப்/2.8 அதற்கு இரண்டு மடங்குதான். ஐஎஸ்ஓ 6400 என்பது 3200 ஆகும், 640 ஆகாது.

அதனால் கேனானில் வீட்டு விசேஷங்களை நிறைய எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது சிக்மா 17-50 எஃப்/2.8 ஓஎஸ். எவ்வளவு ஜூம் செய்தாலும் எஃப்/2.8 அப்படியே நிற்கும். 50ல் கிட் லென்ஸைவிட நான்கு மடங்கு வெளிச்சம். கை நடுக்கத்துக்கான ஏற்பாடும் உண்டு. எடை அரைக் கிலோவைத் தாண்டும், விலையும் 50 எம்எம்மைவிடப் பல மடங்கு. செகண்ட் ஹேண்டில் தேடினால் கட்டுப்படியாகும் விலைக்கு அமையும். இதை வாங்கினால் கிட் லென்ஸை விற்றுவிடலாம், அந்த அளவுக்கு அதன் இடத்தை முழுதாக எடுத்துக்கொள்ளும்.

தூரத்தில் இருப்பதற்கு 55-250

பறவை, கிரிக்கெட், மேடை, ஜல்லிக்கட்டு வாடிவாசல். கிட்டே போகவே முடியாத இடங்கள் இவை. இங்கே ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் பற்றிய பேச்சே வேண்டாம். கேள்வி 250 எம்எம் போதுமா என்பதுதான், அதற்குப் பதில் நீங்கள் போகும் இடத்தைப் பொறுத்தது.

மஞ்சள் மூக்கு நாரையை எடுத்துக்கொள்வோம். நின்றால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம். 50 மீட்டர் தூரத்தில் 250 எம்எம்மில் எடுத்தால் படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும், பிக்சல் கணக்கில் சுமார் 1,300. கிராப் செய்தாலும் போனில் பார்க்கவும் இன்ஸ்டாகிராமில் போடவும் தாராளம். அதே பறவை 100 மீட்டரில் இருந்தால் ஆறில் ஒரு பங்கு. இறகு தனித்தனியாகத் தெரியாது. கிட் லென்ஸின் 55ல் அது ஒரு வெள்ளைப் புள்ளி. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே இந்த நாரைகள் கூடு கட்டும். தெருவில் நின்றபடி குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் படம் பிடிக்கலாம், 250 அங்கே தாராளம். வேடந்தாங்கலில் நீங்கள் ஏரிக்கரையில் நிற்பீர்கள், பறவைகள் தண்ணீருக்கு நடுவே மரத்தில் இருக்கும். கரையோர மரத்தில் உட்கார்ந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் 250ல் கிடைப்பது மரமும் கூட்டமும் சேர்ந்த காட்சிதான். அதுவும் நல்ல படமாக அமையும், ஆனால் ஒற்றைப் பறவையின் கண்ணை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அந்த ஆசை இருந்தால் சிக்மா, டாம்ரான் நிறுவனங்களின் 150-600ஐப் பெரிய ஊர்களில் வாடகைக்கு எடுக்கலாம். வருஷத்துக்கு இரண்டு முறை பறவை பார்க்கப் போகிறவர் அதைச் சொந்தமாக வாங்குவதில் அர்த்தமில்லை.

வெளிச்சம் இங்கேயும் பின்தொடரும். பறக்கும் பறவைக்கு 1/1000 நொடி வேண்டும். காலை எட்டு மணி வெயிலில் சிரமமே இல்லை. மாலையில் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம்தான் கண்ணுக்கு அழகு, அப்போது எஃப்/5.6ல் ஐஎஸ்ஓ 3200ஐத் தாண்டிவிடும். பரதநாட்டிய மேடையிலும் இதே நெருக்கடி. மேடைக்கு ஆறு மீட்டர் தூரத்தில் இடம் கிடைக்குமென்றால் கேமராவைப் படுக்கையாகப் பிடித்தே 50 எம்எம்மில் ஆடுபவரை முழுதாக எடுத்துவிடலாம். 55-250ஐ அரங்கத்தின் கடைசி வரிசையில் உட்கார வேண்டியிருந்தால் மட்டும் எடுத்துப் போங்கள்.

வாங்கும்போது 55-250ல் 2013ல் வந்த எஸ்டிஎம் வகையைக் கேளுங்கள். 375 கிராம், 85 செ.மீ. வரை நெருங்கும், ஃபோகஸ் சத்தமில்லாமல் விரையும், படமும் பழைய வகையைவிடத் தெளிவு. அதோடு ஒரு எச்சரிக்கை. விலை குறைவு, 300 எம்எம் என்று சொல்லி 75-300ஐக் கையில் கொடுப்பார்கள். அதில் ஐஎஸ் இல்லை. 300 எம்எம்மில் கையில் பிடித்து நடுங்காமல் எடுக்க 1/500 நொடியாவது தேவைப்படும். நல்ல வெயில் தவிர மற்ற நேரங்களில் கஷ்டம். பெட்டியின் மேல் இருக்கும் 300 என்ற எண்ணுக்காக அதை வாங்க வேண்டாம்.

18-135 பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேமரா வாங்கும்போதே 18-55க்குப் பதிலாகக் கிடைத்தால் நல்ல தேர்வு. யாத்திரை, குடும்பச் சுற்றுலா, தூசி பறக்கும் திருவிழா என்று லென்ஸ் மாற்ற முடியாத இடங்களில் நிம்மதி. ஏற்கெனவே 18-55 இருக்கும்போது இரண்டாவதாக இதை வாங்கினால் பாதிப் பணம் ஏற்கெனவே இருப்பதற்கே போகும், வெளிச்சமும் கூடாது. 10-18 மாதிரி அகன்ற லென்ஸ் செட்டிநாட்டு வீட்டு முற்றம், சின்ன அறைகள் என்று கட்டடத்தின் உள்ளே எடுப்பவர்களுக்கு. தஞ்சைப் பெரிய கோயிலின் பிராகாரத்துக்கு அது தேவைப்படாது; அங்கே பின்னால் போகத் தாராளமாக இடம் இருக்கிறது, 18லேயே விமானம் முழுதாக வரும். மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸுக்குப் பணம் போடுமுன், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கிப் பாருங்கள். ஆசை நிலைக்கிறதா என்று குறைந்த செலவில் தெரிந்துவிடும்.

என்னிடம் ஒருவர் ஒரே ஒரு லென்ஸுக்குத்தான் பணம் இருக்கிறது என்று சொல்லி, என்ன எடுக்கப் போகிறோம் என்பதும் இன்னும் தெரியவில்லை என்றால், நிக்கானுக்கு 35, கேனானுக்கு 50 என்பேன். கேனானுக்கு 50 என்பது இடநெருக்கடி தெரிந்தே சொல்வது. பகல் வெயிலில் எஃப்/8ல் கிட் லென்ஸுக்கும் விலையுயர்ந்த லென்ஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். இருட்டில்தான் கிட் லென்ஸ் கைவிடும். வெளிச்சம் குறைந்த இடத்தில் ஆட்களை எடுக்கக் கற்றுக்கொள்வது எந்தப் பக்கம் போனாலும் உதவும். 55-250 தேவைப்படும் ஆளுக்கு அது தேவை என்று தானாகவே தெரிந்துவிடும், யாரையும் கேட்க மாட்டார்.

பணம் கொடுக்கும் முன்

பொருத்தம் பார்ப்பதில்தான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். நிக்கான் டி3500, டி5600 போன்ற கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 எம்எம் எஃப்/1.8டி விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்; இருந்தால் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஏஎஃப்-பி 70-300லேயே விஆர் (ஐஎஸ்ஸுக்கு நிக்கான் வைத்த பெயர்) உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை. விஆர் என்ற எழுத்து இருப்பதைத்தான் வாங்க வேண்டும். கேனான் ஆர்50, ஆர்10 மாதிரி மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வைத்திருப்பவர்கள் டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் லென்ஸ்களை அடாப்டர் வைத்துப் பயன்படுத்தலாம், ஆட்டோஃபோகஸ் ஒழுங்காக வேலை செய்யும். அடாப்டர் விலையையும் சேர்த்துப் பார்த்தால் மிரர்லெஸ்ஸுக்கென்றே உள்ள ஆர்எஃப் 50 எஃப்/1.8ஐ நேரடியாக வாங்குவது லாபமாகவே முடியலாம்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸுக்கு நான் எதிரியில்லை; கேமரா உடம்பைப் போல லென்ஸ் சீக்கிரம் பழசாவதில்லை. ஆனால் சென்னை, தூத்துக்குடி, நாகை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் வருஷக்கணக்காகப் பையிலேயே கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. லென்ஸின் ஒரு முனையில் போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, மறுமுனை வழியாகப் பாருங்கள். நூலாம்படை போல மெல்லிய கிளைகள் கண்ணாடிக்குள் படர்ந்திருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். இரண்டொரு தூசித் துகள் இருந்தால் படத்தில் தெரியாது, கவலை வேண்டாம். பிறகு கேமராவில் மாட்டி, முழுதாகத் திறந்த அப்பர்ச்சரில் ஒன்று, எஃப்/8ல் ஒன்று எடுத்து, அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள். எஃப்/8ல் படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே தெளிவில் இல்லையென்றால் லென்ஸ் எங்கோ விழுந்திருக்கலாம். ஜூம் என்றால் வளையத்தை மெதுவாகக் கடைசி வரை திருப்புங்கள், நடுவில் எங்கும் கரகரக்கக் கூடாது.

வாங்கி வந்ததை, புதிதோ பழசோ, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் சூடாக்கி ஈரம் போக்க வேண்டும். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். அடைத்துக் கிடக்கும் லென்ஸைத்தான் பூஞ்சை தேடி வரும்.